304 என்று சொல்லி 202: ஒலிப்பதிவு வண்டி செய்யக் கொடுத்து ஏமாந்தது

சென்னையில் சிங்க் சவுண்ட், அதாவது படப்பிடிப்பு நடக்கும்போதே ஒலியைப் பதிவு செய்யும் வேலை பார்க்கிறேன். பதினோரு ஆண்டுகள் ரெக்கார்டரையும் வயர்லெஸ் மைக் ரிசீவர்களையும் தோள்பையில் சுமந்தே வேலை செய்த பிறகு, முதுகுவலி இனிப் போகாது என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி செய்துகொள்ள முடிவெடுத்தேன். இதற்கென்றே வெளிநாட்டில் செய்து விற்கும் வண்டிகள் உண்டு. கப்பல் கூலியும் வரியும் சேர்ந்தால் எளிதில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நம் ஊரில் டிபன் கடைக்காரர்களுக்கு எவர்சில்வர் தள்ளுவண்டி செய்து கொடுக்கும் பட்டறைகளே இதையும் செய்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். நான் போய்ச் சேர்ந்த பட்டறைதான் சரியில்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை, அதே முறையில் செய்யும் இன்னொரு பட்டறை உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும் என்பதால், எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் கேட்டது மிக எளிய வண்டி. நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 45, மேல்தட்டு என் இடுப்பு உயரத்தில், மூன்று தட்டுகள், தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. பழைய வீடுகளின் பக்கவாசலிலும் லிஃப்டிலும் நுழைய வேண்டும் என்பதால்தான் இந்த அளவு. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர்க்கனம் 1.2 மில்லிமீட்டர், எஸ்எஸ் 304 என்ற எவர்சில்வர் ரகம், ஆர்கான் வெல்டிங், எட்டு அங்குலக் காற்றுச் சக்கரம் நான்கு. நடுத்தட்டில் 19 அங்குல ரேக் கருவிகளைப் பொருத்த இரண்டு பட்டிகள். வரைபடம் போட்டு, எல்லா அளவுகளையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தேன். 26,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். 15,000 ரூபாயை முன்பணமாக ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டபோது, "பில் போட்டா 18 பர்சன்ட் தனியா வரும் சார், எதுக்கு வீணா?" என்றார் பட்டறைக்காரர். 4,680 ரூபாய் மிச்சம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். இந்தக் கதையில் என் பங்குக்கு நான் செய்த முதல் முட்டாள்தனம் அதுதான்.

பத்து நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஐந்து வாரம் கழித்து வந்தது. பளபளவென்று பஃபிங் செய்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, பார்க்க அழகாகவே இருந்தது. இது 304 தானா என்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தார். அது ஒட்டாமல் நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. "பாத்தீங்களா சார், ஒட்டவே இல்லை. ஒரிஜினல் 304" என்றார். நானும் தலையாட்டிவிட்டு மீதி 11,000 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

அந்தக் காந்த வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். காந்தம் ஒட்டவில்லை என்றால் அது சாதாரண இரும்பு இல்லை என்று மட்டுமே பொருள். 304 இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 என்ற மலிவு ரகத்தில் விலை கூடிய நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை மாங்கனீசால் நிரப்பியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. கண்ணுக்கும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு உப்புக்காற்றில்தான் தெரியவரும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது. குழாயில் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைச் சில நொடிகள் தொடுக்க வேண்டும். 202 போன்ற, மாங்கனீசு மிகுந்த 200 வரிசை என்றால் அந்தச் சொட்டு சிவந்துவிடும். எவர்சில்வர் குழாய் விற்கும் கடைகளில் கேட்டால் அவர்களே சோதித்துக் காட்டுவார்கள். சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சோதனையை, முழுப் பணத்தையும் கொடுத்து இரண்டு மாதம் ஆன பிறகுதான் நான் செய்தேன்.

முதல் குறை அன்று மாலையே தெரிந்துவிட்டது. 19 அங்குல ரேக் என்றால் கருவியின் முன்பலகை காதுகளோடு சேர்த்து 482.6 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். அந்தக் காதுகள் பட்டியின் மேல் படிந்து திருகால் இறுக வேண்டுமானால், இரண்டு பட்டிகளுக்கும் நடுவே சுமார் 450 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும். வரைபடத்தில் 450 என்று எழுதிச் சிவப்பில் வட்டமும் போட்டிருந்தேன். பட்டறையிலோ '19 அங்குலம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, இடைவெளியையே 19 அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலாக விட்டுவிட்டார்கள். ரேக்கில் மாட்டும் டிராயரை நான் பொருத்தப் போனபோது அது இரண்டு பட்டிகளுக்கும் நடுவே புகுந்து அப்படியே கீழ்த்தட்டில் விழுந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, "வாஷர் குடுத்து டைட் பண்ணிக்கங்க சார்" என்று பதில் வந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. அதை எத்தனை வாஷர் போட்டு அடைப்பது?

இதையாவது கவனக்குறைவு என்று மன்னித்துவிடலாம். அடுத்து வந்தவற்றை அப்படிச் சொல்ல முடியாது.

கோவளம் கடற்கரையில் நான்கு நாள் படப்பிடிப்பு. ஒவ்வொரு இரவும் ஈரத்துணியால் துடைத்தேதான் வைத்தேன். ஆனாலும் இரண்டாம் வாரத்தில் குழாய்களில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படரத் தொடங்கியது. 304 கூடக் கடலோரத்தில் கறைபடும், குறிப்பாக வெல்டிங் செய்த இடங்களில். உப்புக்கு உண்மையில் தாங்குவது 316 என்ற ரகம்தான். அதனால் மூலைகளில் மட்டும் கறை வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். இங்கே வெல்டிங்கின் சூடு எட்டவே எட்டாத, குழாயின் நட்டநடுப் பகுதியிலும் கறை இருந்தது. அப்போதுதான் மேலே சொன்ன திரவத்தை வாங்கி வந்து மூன்று இடங்களில் சொட்டு விட்டேன். மூன்றும் சிவந்தன.

அதற்குப் பிறகாவது வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும். கையில் ஒப்புக்கொண்ட படம் இருந்ததால், கறைதானே என்று காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றுக்கு அதையே கொண்டுபோனேன். முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போகும் நிலைவாசலில் ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் படி. நானும் உதவியாளர் தம்பியும் வண்டியை லேசாகத் தூக்கி, முன்சக்கரங்களைப் படியின் மறுபக்கம் இறக்கினோம். தகரம் கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. இடது முன்சக்கரம் தன் தகட்டோடு கழன்று வளவுக்குள் உருண்டது. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ரெக்கார்டரைத் தம்பி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டான். ஒரு ரிசீவர் தரையில் விழுந்து, அதன் ஆன்டெனா சாக்கெட் உடைந்தது. பழுது பார்க்க 4,200 ரூபாய் ஆயிற்று. வண்டியைக் காலி செய்து, கருவிகளை மறுபடி பைக்குள் மாற்றி இணைத்து முடிக்க நாற்பது நிமிடம் போனது. அவ்வளவு நேரமும் மொத்த யூனிட்டும் எங்கள் இருவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

இரவு விடுதியில் கிழிந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தின் தகட்டைத் தாங்க நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு வைத்து, நான்கு பக்கமும் வெல்டிங் செய்ய வேண்டும் என்பது பேச்சு. அங்கே இருந்ததோ விரலால் அழுத்தினால் வளைகிற தகடு; வெளியே தெரியும் இரண்டு பக்கங்களில் மட்டும் வெல்டிங் ஓடியிருந்தது. உட்பக்கம் இரண்டிலும் ஒரு பொட்டுகூட இல்லை. கிழிந்த குழாயின் விளிம்பில் வெர்னியர் அளவுகோலை வைத்தபோது 0.8 மில்லிமீட்டர் என்று காட்டியது.

சென்னை திரும்பியதும் சக்கரங்களையும் பலகைகளையும் கழற்றிவிட்டு, வெறும் சட்டகத்தைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். கைப்பிடி உட்பட மொத்தம் 12 மீட்டர் குழாய். 1.2 கனத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிராம் வீதம் சட்டகம் 10.8 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 7.6 கிலோ. வண்டி வந்த அன்று, எவ்வளவு லேசாகச் செய்திருக்கிறார்கள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அன்றே விரலால் ஒருமுறை தட்டியிருந்தால் குழாய் எழுப்பிய ஓசையே சொல்லியிருக்கும். காதை வைத்துப் பிழைக்கிறவன் நான்; அதைக்கூடச் செய்யவில்லை.

பட்டறைக்காரரிடம் படங்களையும் எடைக்கணக்கையும் அனுப்பினேன். முதலில் "கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான் சார்" என்றார். பிறகு வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதாகச் சொன்னார். அன்று வண்டியில் இருந்தது 45 கிலோ. தரை சமமாக இல்லாத இடத்தில் நான்கில் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் நிற்கும் என்பதால் மூன்று சக்கரங்களுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். சட்டகத்தின் எடையையும் சேர்த்து அப்படிப் போட்டாலும் ஒரு சக்கரத்துக்கு 20 கிலோவைத் தாண்டவில்லை. அவர் போட்டிருந்த சக்கரத்தின் மேலேயே 60 கிலோ என்று அச்சிட்டிருந்தது. இதைச் சொன்ன பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் பலரும் சொன்னார்கள். அது முழு உண்மையல்ல. 'எஸ்எஸ் 304, 25க்கு 25, 1.2, ஆர்கான்' என்று அவரே வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பிய கொட்டேஷன் இருந்தது. 15,000 ரூபாய் போனதற்கு ஜிபே பதிவு இருந்தது. ரொக்கமாகக் கொடுத்த 11,000க்குத்தான் என் வாய்ச்சொல்லைத் தவிர ஏதும் இல்லை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. நம்மைப்போல் தனியாளாக வேலை செய்பவர்களுக்கு இது முக்கியமான வரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்து, அவர்கள் கேட்டவற்றைத் தொகுத்து, பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். 8,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது. மீதிக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வண்டியை நானே செய்தேன். கடைகளில் அலமாரி செய்யப் பயன்படுத்தும் துளையிட்ட ஸ்லாட்டட் ஆங்கிளை அளவுக்கு அறுத்து வாங்கி, மூலைத் தகடுகள் வைத்து, முழுவதும் போல்ட்டால் இறுக்கியது. வெல்டிங் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் எங்கே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிறது. சாதாரண நட் இரண்டே நாளில் தளர்ந்து கடகடவென்று ஆடும் என்பதால், எல்லா இடத்திலும் உள்ளே நைலான் வளையம் வைத்த, அதிர்வில் தளராத நைலாக் நட் போட்டு, தட்டுக்கும் ஆங்கிளுக்கும் நடுவே ரப்பர் ஷீட் வைத்தேன். ஆங்கிளின் விளிம்பு கத்திபோல் கேபிளைச் சீவும். அங்கெல்லாம் ரப்பர் பீடிங் செருகியாயிற்று. சக்கரங்களைப் பாரிமுனையில் நானே அழுத்திப் பார்த்து வாங்கினேன்: பின்னால் திரும்பாதவை இரண்டு, முன்னால் திரும்புபவை இரண்டு, அவற்றில் பிரேக். ஒவ்வொன்றின் தகடும் ஐந்து மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி கீழ்த்தட்டில் இருப்பதால் படியில் தூக்கும்போதும் வண்டி கவிழப் பார்ப்பதில்லை. பழையதைவிடக் கனம்தான், சட்டகம் மட்டும் 13 கிலோ. செலவு, பில்லோடு, 11,300 ரூபாய்.

பழைய வண்டியிலிருந்து கைப்பிடியை மட்டும் அறுத்தெடுத்து இதில் பொருத்தியிருக்கிறேன், என் உயரத்துக்குச் சரியாக இருந்ததால். கடற்கரைப் படப்பிடிப்பு முடிந்து வந்தால் அது மட்டும் இன்னும் பழுப்பேறுகிறது. தம்பி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைக்கிறான்.