ஒல்லாந்து அரசு லண்டனில் வாழ்ந்த தெருக்கள்: ஒரு வழிகாட்டி நடை

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி ஆக்கிரமித்த ஒல்லாந்தின் (நெதர்லாந்தின்) அரசு லண்டனிலிருந்து இயங்கிய இடங்களைக் காட்டும் வழிகாட்டி நடையொன்றில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்க வேண்டும் என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

நடை, அரசி வில்ஹெல்மினா வசித்த செஸ்டர் சதுக்கத்தில் தொடங்குகிறது. 1940 மே 13 அன்று பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிய அரசி தம் நாட்டின் தென்மேற்குக் கரையிலேயே இறங்க விரும்பினார் என்பதையும், அது இயலாமற்போனதால்தான் இங்கிலாந்து வந்து சேர்ந்தார் என்பதையும் வழிகாட்டி நிதானமாக விளக்கினார். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டிலிருந்து தப்பி வந்த இளைஞர்களுக்காக 1942இல் திறக்கப்பட்ட ஒரான்யஹாவன் விடுதி இருந்த ஐட் பார்க் பிளேஸ் வீட்டைச் சற்று அவசரமாகவே கடந்தோம்.

பிக்கடில்லியிலுள்ள ஸ்ட்ராட்டன் ஹவுஸ் முன் நின்று கேட்ட இருபது நிமிடங்களுக்காகவே இந்த நடைக்குச் செல்லலாம். அமைச்சர்கள் பணியாற்றிய அந்தக் கட்டடத்தைக் காட்டியபடியே, ஜெர்மனியை வெல்ல முடியாது என்று நம்பிய பிரதமர் டெ கேர் அரசியின் நம்பிக்கையை இழந்ததையும், 1940 செப்டம்பரில் கெர்பிராண்டி அப்பொறுப்பை ஏற்றதையும், அந்த அரசின் ஒரான்ய வானொலி பிபிசியின் வழியே இரவுதோறும் தாயகத்துடன் பேசியதையும், தப்பி வந்த வீரர்களையும் வெளிநாடுகளில் வாழ்ந்த ஒல்லாந்தரையும் சேர்த்து உருவாக்கிய இளவரசி ஐரீன் படைப்பிரிவு 1944 ஆகஸ்டில் நோர்மண்டியில் இறங்கியதையும் ஒரே இழையில் கோத்துச் சொன்னார். நிலம் பறிபோன பின்னும் ஓர் அரசு எப்படி அரசாகவே நீடிக்கிறது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

குறைகள் இரண்டு. காதில் மாட்டத் தந்த ஒலிக்கருவி வாகன இரைச்சலில் பயன்படவில்லை. அதைவிடப் பெரியது, கிழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வராதது. ஒல்லாந்தின் ஆட்சியிலிருந்த ஜாவா 1942 மார்ச்சில் ஜப்பானியரிடம் வீழ்ந்த பின் ஒல்லாந்துக் கடற்படையின் அட்மிரல் ஹெல்ஃப்ரிக் கொழும்பிலிருந்துதான் எஞ்சிய ஒல்லாந்துப் படைகளுக்குத் தலைமை தாங்கினார். ஒல்லாந்து விமானிகளைக் கொண்ட 321ஆம் படையணியின் கற்றலினா கடல் விமானங்கள் நான் பிறந்த திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்து இந்து சமுத்திரத்தைக் கண்காணித்தன. ஒல்லாந்தர் என்றதும் கோட்டைகளை மட்டுமே நினைத்து வளர்ந்த எங்களுக்கு இச்செய்தி முக்கியமானது. நடை முடிந்ததும் வழிகாட்டியிடம் இதைக் கூறியபோது, அடுத்த முறை ஸ்ட்ராட்டன் ஹவுஸ் முன் இதையும் சேர்ப்பதாகச் சொல்லி, சீனன்குடா என்ற பெயரை எழுதித் தரும்படி கேட்டார்.