தலைக்குக் காசா, வருகைக்குக் காசா: இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஜிபி வேலை

கல்லூரி ஜூனியர் ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, ஜிபி (குடும்ப டாக்டர்) பயிற்சி முடியப்போகிறது. இங்கிலாந்திலேயே இருந்துவிடவா, ஆஸ்திரேலியா கிளம்பவா?" இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வரும். வட இங்கிலாந்தில் ஐந்து வருடம், அப்புறம் விக்டோரியாவில் பால்பண்ணைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் ஒன்றரை வருடம், பிறகு மறுபடியும் இங்கிலாந்து. திரும்பி வந்தவளின் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெயில், கையில் நிற்கும் பணம்: இரண்டிலும் ஆஸ்திரேலியாதான், விவாதமே வேண்டாம். விசா, தேர்வு பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் படித்த டாக்டருக்கு அங்கே பத்து வருடக் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் பற்றாக்குறை என்று அரசு குறித்துவைத்த பகுதிகளில் உட்கார்ந்தால்தான் மெடிக்கேர் (அங்கத்திய அரசு மருத்துவக் காப்பீடு) பணம் வரும். சிட்னி கடற்கரையை நினைத்து யாரும் பெட்டி கட்ட வேண்டாம்.

இனி விஷயம். இரண்டு நாட்டிலும் பணம் பெரும்பாலும் வரியிலிருந்துதான் வருகிறது. அது டாக்டரிடம் வந்து சேரும் வழிதான் வேறு. நம் ஒரு நாளை அந்த வழிதான் தீர்மானிக்கிறது.

1948-ல் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தொடங்கிய காலத்திலிருந்தே ஜிபிக்குத் தலைக்கணக்கு. ஒருவர் பெயர் எங்கள் பட்டியலில் இருந்தால் வருடத்துக்கு இவ்வளவு என்று பிராக்டிஸுக்கு, அதாவது கிளினிக்குக்கு, வந்துவிடும். இப்போது 100 பவுண்டுக்கு மேல், வயதையும் நோயையும் பொறுத்து ஏறும் இறங்கும். அவர் வருடம் முழுக்க எட்டிப் பார்க்காவிட்டாலும், வாரம் இரண்டு முறை வந்து உட்கார்ந்தாலும் அதே தொகை. அதிலிருந்து எனக்கு மாதச் சம்பளம்.

ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பில் எண். ஆறு நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் பார்த்தால் 23, மெடிக்கேர் தருவது 40 டாலருக்குக் கொஞ்சம் மேல். இருபதைத் தொட்டால் 36, அது 80 டாலருக்குக் கொஞ்சம் மேல். நோயாளியிடம் எதுவும் வாங்காமல் அந்தத் தொகையோடு விட்டால் பல்க் பில்லிங். விடாவிட்டால் மேற்கொண்டு அவர் கார்டைத் தேய்க்க வேண்டும். வந்ததில் 35 சதவீதம் கிளினிக்குக்கு, மீதி எனக்கு. சம்பளம் கிடையாது, காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்குப் பூஜ்யம்.

இப்போது கணக்குப் போடுங்கள். இருபது நிமிடத்தில் ஆறாறு நிமிடமாக மூன்று சளிக்காய்ச்சலைப் பார்த்தால் 120 டாலருக்கு மேல். அதே இருபது நிமிடம் ஒரே ஆளோடு உட்கார்ந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். பல்க் பில்லிங்குக்கு அரசு தரும் ஊக்கத்தொகையும் வருகைக்கு ஒன்று என்று வருவதால் தராசு இன்னும் சாய்கிறது. ஒரே நாளில் 80 பேரோ அதற்கு மேலோ பார்ப்பது வருடத்தில் 20 நாளைத் தொட்டால் விசாரணை என்று ஒரு விதியே அங்கே இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனக்கு இது உறைத்தது ஒரு வியாழக்கிழமை. எழுபது வயது அம்மா, கணவர் போய் மூன்று வாரம். தூக்க மாத்திரை கேட்டு வந்தார். மாத்திரை எழுத நான்கு நிமிடம் போதும். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக, விடிகாலையில் பால் கறக்க இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை என்று பேசத் தொடங்கினார். என் கண் திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்துக்குப் போனது. பதினெட்டு நிமிடம். இன்னும் இரண்டு நிமிடம் இழுத்தால் 36 போடலாமே என்று மனம் கணக்குப் பார்த்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. கெட்டவள் என்பதால் வந்த கணக்கல்ல அது. பதினெட்டு மாதம் அப்படிப் பழகிய கை.

இங்கிலாந்தில் அவருக்கு வழக்கமாகப் பத்து நிமிடம்தான். ஆனால் 25 நிமிடம் கொடுத்தால் நஷ்டம் என் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும், அவர் பணமும் இல்லை, என் பணமும் இல்லை. அடுத்த வாரம் நானே போன் செய்யலாம், நர்ஸை அனுப்பலாம், "ஒன்றும் வேண்டாம், இரண்டு வாரம் பொறுங்கள்" என்று சொல்லலாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் ஒரு குறுஞ்செய்தியோடு முடியும். அங்கே அதே முடிவைச் சொல்ல ஆளை வரவழைப்பது சாதாரணம், ஒரு 23. தினசரி மாத்திரை தீர்ந்தாலும் "ஸ்கிரிப்ட்டுக்கு வந்தேன் டாக்டர்" என்று வந்து உட்கார்வார்கள். இங்கே அந்த மருந்துச் சீட்டுகளை நோயாளிகளுக்கு நடுவே திரையில் தட்டித் தட்டி ஒப்புதல் போடுகிறேன்.

தலைக்கணக்குக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: வருகிறவரைக் குறைத்தாலும் காசு குறையாது. காலை எட்டு மணிக்குப் போன் வரிசை, எட்டேகாலுக்குள் இடம் காலி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள். மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலோ 70 லட்சத்துக்கு மேல். முழங்கால் அறுவைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டு அந்த நோயாளி திரும்ப என்னிடமே வருவார், நான் இன்னொரு கடிதம் எழுதுவேன். இந்த வேலைக்கு எண்ணும் கிடையாது, முடிவும் கிடையாது. விக்டோரியாவில் மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அந்த மாலைகள் இப்போதும் நினைவுக்கு வரும், பொய் சொல்லக் கூடாது.

இன்னொன்று: இங்கிலாந்தில் 2019 ஏப்ரலிலிருந்து ஜிபி மேல் வரும் சிகிச்சைப் பிழை வழக்குகளுக்கான இழப்பீட்டை அரசுத் திட்டமே ஏற்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்தக் காப்பீட்டுக்கு என் கையிலிருந்து கட்டினேன். வருமானத்தை ஒப்பிடுகிறவர்கள் இதையும், சம்பள விடுப்பையும், என்எச்எஸ் ஓய்வூதியத்தையும் கழித்துப் பார்ப்பதில்லை. கழித்தாலும் ஆஸ்திரேலியா முன்னால்தான் நிற்கும், இடைவெளிதான் சுருங்கும்.

நான் பார்த்தது ஒரு ஊர், ஒரு கிளினிக். பல்க் பில்லிங் செய்யாமல் நிதானமாகப் பார்க்கும் நகரத்து ஜிபிக்கள் வேறு கதை சொல்லலாம். அறுவை மருத்துவர்கள், மயக்க மருத்துவர்கள் கணக்கு முற்றிலும் வேறு. அவர்கள் என்னிடம் கேட்க வேண்டாம்.

இதையெல்லாம் ஜூனியரிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். ஊரில் அப்பா வாங்கிய படிப்புக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறதாம். நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, அந்தப் பற்றாக்குறைப் பகுதி வரைபடம் எங்கே கிடைக்கும்?" தேடி அனுப்பிவைத்தேன்.