எக்ஸ் என்ற ஒரு எழுத்துக்கு 14,000 டாலர் கொடுத்தேன்

பழைய கேட்டர்பில்லர் செயின் டிராக்டர் தேடுகிறவர்களிடம் யாராவது "இது கம்பெனி சோதனைக்குச் செய்த வண்டி, இந்த ஒன்றுதான் மிச்சம்" என்று சொன்னால், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நான் இல்லினாயில் இருக்கிறேன். பக்கத்து மாநிலமான அயோவாவில் ஒருவர் கேட்டர்பில்லரின் டி2 மாடல் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தார். பெயர்த் தகட்டில் எக்ஸ் 3ஜே 7 என்று இருந்தது. டி2 வெளிவந்தது 1938-இல். 3ஜே என்பது அதன் முதல் வரிசைகளில் ஒன்று. முன்னால் நிற்கும் எக்ஸ் சோதனை வண்டிக்கான குறி என்றார். வண்டியின் பின்பக்க வார்ப்பிலும் அதே எண் பொறித்திருந்தது. அவருடைய தாத்தா கேட்டர்பில்லரின் பியோரியா தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம், கழித்துக்கட்டிய வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். வண்டி முழுக்கச் சாம்பல் நிறம். சோதனை வண்டிக்கு மஞ்சள் அடிக்க மாட்டார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கம்பெனி சாம்பலை விட்டு மஞ்சளுக்கு மாறியது 1931 கடைசியில். ஏழு வருடம் கழித்து வந்த மாடலுக்குச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆசை வந்துவிட்டால் கேள்வி வராது.

14,000 டாலர் கொடுத்தேன். சாதாரண டி2 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தந்திருக்க மாட்டேன்.

இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றும்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. ஜே வரிசைக்கு சிலிண்டர் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 3¾ அங்குலம். அந்த அளவில் வாங்கிய ரிங் உள்ளே தொளதொளவென்று ஆடியது. அளந்தால் சரியாக 4 அங்குலம். அது 1947-இல் வந்த யு வரிசையின் அளவு. இந்த வண்டிகளோடு ஆயுள் முழுவதும் புழங்கிய பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "இன்ஜினை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எழுபது வருடத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள். செயின் அகலத்தை அளந்தாயா?" என்றார்.

டி2 இரண்டு அகலங்களில் வந்தது. ஒரு செயினின் நடுவிலிருந்து மற்ற செயினின் நடு வரை 40 அங்குலம் ஒன்று, 50 அங்குலம் இன்னொன்று. 3ஜே என்றால் 40, 5ஜே என்றால் 50. பிறகு வந்த 4யு 40, 5யு 50. நடுப்புள்ளியைத் தேடிச் சிரமப்பட வேண்டாம். இடப்பக்கச் செயினின் வெளி விளிம்பில் டேப்பை வைத்து வலப்பக்கச் செயினின் உள் விளிம்பு வரை இழுத்தால் அதே அளவுதான் வரும். என் ‘3ஜே’ 50 அங்குலம் காட்டியது. திரும்ப அளந்தேன், மறுபடியும் 50.

பின்பக்க வார்ப்பில் பெயிண்டை உரித்துப் பார்த்தேன். எண் இருந்த இடம் மட்டும் வழவழவென்று லேசாகக் குழிந்திருந்தது. கிரைண்டர் வேலை. சுற்றிலும் வார்ப்புக்கே உரிய சொரசொரப்பு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பழைய யு எழுத்தின் அடி வளைவு மங்கலாகத் தெரிந்தது. ஆக, நான் வாங்கியது சாதாரண 5யு. ஏமாற்றியவருக்கும் விஷயம் முழுதாகத் தெரியவில்லை. 5ஜே என்று அடித்திருந்தால் டேப் காட்டிக்கொடுத்திருக்காது. தகட்டை நம்பவே நம்பாதீர்கள். பழுதுபார்ப்பவர்களுக்காகப் புதுத் தகடு செய்து விற்கிறார்கள், அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வலையும் இருந்தது. வார்ப்பின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் ஒரு எண்ணைக் காட்டி "இதுதான் உள் சோதனை எண்" என்றார் விற்றவர். இலக்கம், எழுத்து, பிறகு நான்கு இலக்கம், பார்த்தால் சீரியல் நம்பர் போலவே இருக்கும். அந்தக் காலத்து கேட்டர்பில்லர் உதிரிபாக எண்களும் அதே வடிவம்தான். புடைத்து நின்றால் அச்சிலேயே வார்த்த உதிரிபாக எண், உள்ளே பதிந்திருந்தால்தான் வண்டிக்கென்று பொறித்த எண். வண்டி எண்ணில் வரும் எழுத்துகளும் பெரும்பாலும் மாடலையோ தொழிற்சாலையையோதான் சொல்லும். சிக்ஸ்டி என்ற பழைய கேட்டர்பில்லர் மாடலில் எண்ணுக்குப் பின்னால் ஏ வந்தால் சான் லியாண்ட்ரோ தொழிற்சாலை, முன்னால் பிஏ வந்தால் பியோரியா. விவரம் தெரியாதவரிடம் அந்த ஏ-யைக்கூட ஏதோ ரகசியக் குறி என்று விற்றுவிடலாம்.

எழுத்து எதுவானாலும், அந்த எண்ணையே குறிப்பிடும் அந்தக் காலத்துக் காகிதம் இல்லாமல் அது சோதனை வண்டி என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் காட்டியது தாத்தாவின் பணி ஓய்வுக் கடிதத்தின் நகல். அதில் டிராக்டர் என்ற சொல்லே இல்லை! டேவிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலுள்ள ஹிகின்ஸ் தொகுப்பில் பழைய விவசாய இயந்திரங்கள் பற்றிய ஆவணங்கள் ஏராளம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற இன்னொரு கம்பெனியின் வண்டி என்றால் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம். வாங்குவதற்கு முன்பு நான் டேவிஸுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார், அப்புறம் எடுக்கவே இல்லை. ரசீதிலும் ‘டி2, உள்ளது உள்ளபடி’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். சோதனை வண்டி என்றது எல்லாம் வாய்ப்பேச்சு.

ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் எண் பொறிக்கப் பயன்படுத்திய பஞ்ச் செட்டில் 3 உடைந்திருக்கிறது, கீழ்வால் பாதியில் நின்றுவிடுகிறது. போன வாரம் ஒரு ‘சோதனை’ டி4 விற்பனைக்கு வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே வால் அறுந்த 3.