ஏற்றமா, ஜிம்மா, வாவிக்கரையா? முதல் மூன்று வாரம் உடம்பு காட்டும் வேலை

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். நானுஓயாப் பக்கம் எங்கள் தோட்டம். லயத்திலிருந்து மேல்பிரிவுக்குத் தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப்பாதை. ஏற முக்கால் மணி, இறங்க அரை மணி. முதல் நாள் மூச்சு வாங்கியதோடு சரி. மறுநாள் தொடை லேசாகக் கனத்தது. மூன்றாம் நாள் காலையில் வாசலில் இருக்கும் நாலு படியை, சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். "என்னடா, கெழவன் மாதிரி எறங்குற?" என்றார் அம்மா. முப்பது வருஷம் கூடையோடு அதே மலையில் ஏறி இறங்கியவர், கேட்க உரிமை இருக்கிறது.

அப்புறம் நுவரெலியா டவுனில் ஒரு ஜிம்முக்கு ஆறு வாரம் போனேன். அதற்கும் பிறகு கிரகரி வாவியைச் சுற்றி நடை. மூன்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் எது கொழுப்பைக் கரைக்கும் என்ற அர்த்தத்தில்தான் கேட்கிறார்கள். என் கணக்கு வேறு. தொடக்கத்தில் உடம்பில் வந்துபோகும் தற்காலிகத் தொந்தரவுகளில் எதை உங்களால் தாங்க முடியும்? நான் பார்த்தவரை ஆட்கள் விட்டுவிட்டுப் போவது அந்த நாட்களில்தான்.

வலியில் மலைப்பாதைக்குத்தான் முதலிடம், அதிலும் இறக்கத்துக்கு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது, பிரேக் பிடித்தபடி இறங்கும் லொறி மாதிரி. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சேதம் உண்டாவது இந்த நீட்சியில்தான். அதைச் சரிசெய்யும் வேலையை உடம்பு தொடங்கும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. உடனே தெரியாது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம், ஒரு வாரத்துக்குள் போய்விடும். லாக்டிக் அமிலம் தேங்கி வலிக்கிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே வடிந்துவிடும், மூன்றாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜிம்மிலும் இதே வலி உண்டு. எடையை மெல்லக் கீழே இறக்குவதும் தசைக்கு ஓர் இறக்கம்தானே. ஆனால் அங்கே அளவு உங்கள் கையில். பத்துக் கிலோவை ஐந்தாக்கலாம். மலையைப் பாதியாக்க முடியாது, மேலே போனவர் கீழே வந்துதான் ஆக வேண்டும். வாவிக்கரை சமதரை, அங்கே எனக்குக் கெண்டைக்காலில் லேசான இறுக்கம் மட்டும்.

மலைக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை பட்ட அடியைத் தசை மறப்பதில்லை. வலி தீர்ந்து அதே பாதையில் மறுபடி இறங்கியபோது பாதி வலிகூட இல்லை. வலிப்பது பலவீனத்தால் என்பதைவிடப் புதுமையால் என்பதே சரி. பொழுதுபோகட்டும் என்று யோகா வகுப்புக்குப் போன அம்மாவே இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தராசு விஷயத்தில் மோசம் ஜிம். இரண்டாவது வாரம் பார்மசி தராசில் ஏறினேன், 1.3 கிலோ கூடியிருந்தது. ரொட்டியைக் குறைத்து, சீனியில்லாமல் பிளேன்டீ குடித்த ஆளுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! அது பெரும்பாலும் தண்ணீர். பழுதுபார்க்கப்படும் தசை நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. பயிற்சிக்கு எரிபொருளாகத் தசை சேமிக்கும் சர்க்கரைதான் கிளைகோஜன், அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைக் கூடவே வைத்துக்கொள்ளும். ஆரம்ப வாரங்களில் தசையே வளர்ந்துவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். அப்போது கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகியதால் வருவது. மலையிலும் எனக்குக் கொஞ்சம் எடை கூடியது, வாவிக்கரையில் முள் அசையவே இல்லை. எடையைப் பார்த்து மனம் உடைகிறவர் என்றால் ஒரு மாதம் தராசுப் பக்கம் போகாதீர்கள், இடுப்பில் நூலைச் சுற்றி அளந்தால் போதும்.

கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்குத் தேதி இருந்தால், புதுப் பயிற்சி தொடங்கியிருப்பதை டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். நடையோ ஓட்டமோ தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதனால் ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்ததுபோல் தெரியலாம். பாரம் தூக்கினால் தசையிலிருந்து கசியும் நொதிகள் ஈரல் பரிசோதனையின் அளவுகளை உயர்த்திக் காட்டும்.

உயரத்தால் வரும் மூச்சுவாங்கல் ஊர்க்காரருக்கு மூன்றிலும் பெரிதாக இருக்காது. கொழும்பில் பல வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு அப்படியில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. வாவிக்கரையில்கூட நெஞ்சு படபடக்கும். ஒரு சில வாரம் பொறுத்துப் பாருங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம். இன்னொன்று, குளிரில் தாகம் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தசை கல்லாக வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அது வழக்கமான வலி கிடையாது. தசை நார் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சுவலிக்கும் அப்படித்தான்.

என்னைக் கேட்டால், நாற்பதைத் தாண்டி முதன்முதலாகத் தொடங்குகிறவருக்கு வாவிக்கரை. சலிப்புத் தட்டும், ஆனால் மூன்றாம் நாளும் எழுந்து போகலாம். ஜிம்முக்குப் போகிற இளசுகள் முதல் வாரம் பாதிப் பாரத்தோடு நிற்கட்டும். எனக்குப் பிடித்தது இன்னும் மலைதான். ஆனால் புதிதாக வருகிறவரை முதல் இரண்டு வாரம் ஏற மட்டும் விடுவேன், இறங்குவதற்கு ஆட்டோ. போன மாதம் மச்சானை அப்படித்தான் கூட்டிப்போனேன். மேலே வந்து ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், "ஏன் அண்ணே, எறங்கத்தானே லேசு?" என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தான், நான் மீற்றரைப் பார்த்தேன்.