லேன் டெஸ்டர் வாங்கப் போகிற ஹாஸ்டல்காரர்களே, எங்கள் 1,800 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் நெட்வொர்க் சாமான் விற்கும் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து, நெட்வொர்க் கேபிளில் எங்கே கோளாறு என்று பார்க்கும் லேன் டெஸ்டர் வாங்கினோம். கைக்கு வந்தது, எங்கே கேட்டாலும் இருநூறு, முந்நூறுக்குக் கிடைக்கிற பல்பு டப்பா.

எங்கள் மாடிக்கு வைஃபை எட்டாது. அறைச் சுவரில் இருக்கும் லேன் போர்ட்தான் கதி. பக்கத்து அறையில் ஜிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ், வருகிறது, எங்களுக்கு 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. 100-க்கு கேபிளில் இருக்கும் எட்டு கம்பிகளில் 1, 2, 3, 6 போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆக, மற்ற நான்கில் ஏதோ ஒன்று எங்கோ அறுந்திருக்கிறது என்று சந்தேகம். நெட்வொர்க் பார்க்கிறவர்களிடம் சொன்னால் “உங்க லேப்டாப்பைப் பாருங்க” என்கிறார்கள். கேபிளின் மறுமுனை வராந்தாவில் பூட்டிய பெட்டிக்குள். சாவியும் அவர்களிடம்தான்.

சாதா டெஸ்டர், அதாவது அந்தப் பல்பு டப்பா, இரண்டு துண்டாக வரும். ஒரு துண்டை மறுமுனையில் செருகினால்தான் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரியும். பூட்டிய பெட்டிக்கு அது எதற்கு? நீளம் காட்டும் வகை டெஸ்டரோ, இந்த முனையிலிருந்து அனுப்பிய துடிப்பு அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று கணக்குப் போடும். அதற்காகத்தான் அறையில் நான்கு பேரும் ஆளுக்கு 450 போட்டோம்.

கடைக்காரர் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். கவுன்டரில் இருந்த திரை வைத்த டெஸ்டரை எடுத்தார். ஒரு கேபிள் சுருளைச் செருகினார். உறையைக் கீறி நீலக் கம்பியை மட்டும் கத்தரித்தார். நீலம்தான் நான்காவது கம்பி; திரையில் 4-க்கு நேராக மட்டும் நீளம் குறைந்து நின்றது. “படிக்கிற பிள்ளைங்ககிட்ட நான் லாபம் பார்க்கிறதில்ல தம்பி” என்றார். அப்புறம் உள்ளேயிருந்து சீல் வைத்த பெட்டி ஒன்று வந்தது. இதைப் பிரித்துப் பார்க்கலாமா அண்ணா என்று கேட்டதற்கு, “சீல் உடைச்சா புதுசுன்னு யார் வாங்குவா? ரூமுக்குப் போய்ப் பிரிங்க.” பில் கேட்டோம். ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்று ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் “டெஸ்டர் 1” என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பெட்டி மேல் திரை வைத்த டெஸ்டரின் படம். உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடும் பல்பு டப்பா. அதன் நெற்றியில் திரை மாதிரி அச்சடித்த ஒரு ஸ்டிக்கர், மூலை பெயர்ந்து! திறமைசாலிகள்தான்.

போன் செய்தால் “அண்ணன் சாப்பிடப் போயிருக்கார்.” மறுபடி செய்தால் “கம்பெனிக்குத்தான் அனுப்பணும்.” நேரில் போனேன். அதே மனிதர், என்னை முன்பின் பார்க்காதவர் போல, “கரண்ட் வர்ற போர்ட்ல செருகிக் கெடுத்துட்டீங்க” என்றார். கெட்டுப்போனது என்று நான் சொல்லவே இல்லை அண்ணா, நீங்கள் காட்டியது இது இல்லை என்கிறேன் என்றால், “பில்லுல மாடல் நம்பர் இருக்கா தம்பி?” 1,800 ரூபாய். மாதக் கடைசியில் எங்கள் நான்கு பேருக்கும் அது மெஸ் கணக்கு.

எந்த டெஸ்டர் வாங்கலாம் என்று விலாவாரியாக எழுதுவதாக ஜூனியர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பெட்டியைக் கடையிலேயே பிரித்து, உங்கள் கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாடல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள். பல்பு டப்பாவை உயிருள்ள போர்ட்டில் செருகாதீர்கள். கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் போர்ட்டாக இருந்தால் நிஜமாகவே கருகிவிடலாம். டெஸ்டர் வாங்கும் முன் லேப்டாப்பின் ஈதர்நெட் அமைப்பில் லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்று பாருங்கள். 100/100 என்றால், சுவரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் பேட்ச் கேபிளை மாற்றி, நல்லதாக ஒன்று போட்டுப் பாருங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போவதாக இருக்கிறோம். யூபிஐயில் 1,800 போனதற்கான ஸ்கிரீன்ஷாட்டும் அந்த ஸ்டிக்கரின் போட்டோவும் பத்திரமாக இருக்கின்றன.