மோரிஸ் மைனரும் அணைய மறுத்த சிவப்பு விளக்கும்

அண்மையில் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணே, டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். இரண்டுமே இன்ஜின் சுழற்ற மின்சாரம் தருபவை; டைனமோ பழைய வகை, ஆல்டர்னேட்டர் அதற்குப் பின் வந்தது. ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதே வகை வண்டியை, 1098 சிசி இன்ஜினும் லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோவும் உள்ளதை, சிங்கப்பூரில் நெடுங்காலமாக வைத்திருப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு வருவதற்குமுன் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி வேகமானிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சிவப்பு விளக்கைப் பற்றியது.

வண்டியின் மற்ற குணங்களை இங்கே விரிக்கப் போவதில்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த காரின் ஸ்டியரிங் எவ்வளவு துல்லியமானது, பிரேக் எவ்வளவு துல்லியமற்றது என்பதெல்லாம் வாங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜிங் அமைப்பு அப்படியல்ல. ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் மாலை பேசத் தொடங்கும்.

என் வண்டியில் அது பேசிய விதம் விசித்திரமானது. பகலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும், இன்ஜின் வேகம் எடுத்ததும் அணையும். ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியையொட்டி இருட்டிவிடும் ஊர் இது. முகப்பு விளக்குகளைப் போட்டதும், வண்டி நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அணைந்திருந்த அந்த விளக்குக்குள் இழை மட்டும் மெல்லச் சிவக்கும். வைப்பரையும் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் போகாது. வண்டி ஓடாத நிலையில் முழுதாக எரியும் விளக்கைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அரைகுறையாக எரிவதுதான் மனிதரை நிம்மதியாக ஓட்டவிடாது.

பெரும்பாலோர், சில மெக்கானிக்குகள் உட்பட, இந்த விளக்கு "பேட்டரி விளக்கு" என்றே நம்பியிருக்கிறார்கள். அது பேட்டரியை அளப்பதில்லை. அதன் ஒரு முனை சாவி ஸ்விட்ச்சின் வழியாகப் பேட்டரியின் பக்கமும், மறுமுனை டைனமோவின் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'டி' என்று குறிக்கப்பட்ட டைனமோ முனையிலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இரு பக்கமும் ஒரே வோல்ட்டில் இருந்தால் விளக்கு எரிய வழியே இல்லை. எரிகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ வோல்ட் தொலைகிறது என்று பொருள். விளக்குகளைப் போடும்போது ஒளி கூடுகிறது என்றால், அதிக மின்னோட்டம் செல்லச் செல்ல இழப்பும் கூடுகிறது. அதாவது வழியில் ஓர் இணைப்பில் தடை ஏறியிருக்கிறது. இவ்வளவையும் கருவி எதையும் தொடாமல், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே அறிந்துகொள்ளலாம் என்பது இந்த அமைப்பின்மேல் எனக்குள்ள முதல் மரியாதை.

நான் வண்டியை விட்டுவைத்த பட்டறைக்கு அந்த மரியாதை இல்லை. முதலில் பேட்டரியை மாற்றினார்கள். பழைய பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. பிறகு டைனமோவைக் கழற்றி, கார்பன் பிரஷ்களை மாற்றி, அந்தப் பிரஷ்கள் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைப் பளபளக்கத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். விளக்கு அப்படியேதான் சிவந்தது. கடைசியில் புதிதாகச் செய்யப்பட்ட நகல் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை மாட்டலாம் என்றார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். மூடி பளபளப்பாக இருந்தது, உள்ளே வோல்ட்டைச் சரிசெய்யும் ரெகுலேட்டரின் திருகு விரலால் தொட்டாலே சுழன்றது. வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நியாயமாகச் சொன்னால், தொடுமுனைகளும் சுருள்களும் கொண்ட பெட்டியைச் சரிசெய்து பழகிய தலைமுறை, கார்ப் பட்டறைகள் நிறைந்த சின் மிங், உபி பக்கம் அருகிவிட்டது. இருக்கும் இளைஞர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அளந்து பார்க்காமல் மாற்றியதற்குப் பணம் வாங்கியது வேறு விஷயம்.

டைனமோ குற்றவாளியா என்று அறிய அதைக் கழற்றவே வேண்டியதில்லை. பழுப்பு-மஞ்சள், பழுப்பு-பச்சை ஆகிய இரண்டு கம்பிகளையும் டைனமோவிலிருந்து எடுத்துவிட்டு, அதன் 'டி', 'எஃப்' முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். இன்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டினால் வோல்ட் தடுமாறாமல் விரைவாக ஏறும். 20 வோல்ட்டைத் தொடவிடாமல் நிறுத்திவிட வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்று போதும், அதற்குமேல் விரட்டக் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றுவிட்டால் காந்தப்புலம் தரும் ஃபீல்டு சுருளையும், 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரையும் சந்தேகிக்கலாம். எதுவுமே வராவிட்டால் பிரஷ். என் டைனமோ தயக்கமின்றி ஏறியது. பட்டறையின் உழைப்பு முழுவதும் தவறான முகவரிக்குப் போயிருக்கிறது என்பது பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது.

அடுத்து, கம்பிகளைத் திரும்ப மாட்டி, முகப்பு விளக்குகளைப் போட்டு, இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'டி'க்கும் பேட்டரிப் பக்கமுள்ள 'ஏ' முனைக்கும் இடையே மீட்டரை வைத்தேன். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது. ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இருந்தது. சாவி ஸ்விட்ச்சின் பக்கம் இதே போலச் சோதித்ததில் இழப்பு இல்லை. ஆக, குற்றம் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தானியங்கி ஸ்விட்ச்சான கட்-அவுட்டின் தொடுமுனைகளில்.

என் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆர்பி106 என்ற வகை. அதன் மூடியைத் திறந்தால் பக்கம் பக்கமாக இரண்டு சுருள்கள் தெரியும். ஒன்று ரெகுலேட்டர், வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது. மற்றொன்று கட்-அவுட், டைனமோவின் வோல்ட் 12.7க்கும் 13.3க்கும் இடையே வந்ததும் மூடி, பேட்டரியோடு இணைப்பது, இன்ஜின் நின்றால் பிரிப்பது. பிரிக்காவிட்டால் பேட்டரி டைனமோவை மோட்டாராக்கிச் சுழற்றப் பார்த்துத் தன்னைத் தீர்த்துக்கொள்ளும். இந்த இரண்டின் தொடுமுனைகளும் ஒரே உலோகம் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெகுலேட்டரின் முனைகளை கார்போரண்டம் என்ற நுண்ணிய சாணைக்கல்லால் தேய்க்கலாம். கட்-அவுட்டின் முனைகள் மென்மையானவை. அவற்றில் கார்போரண்டமோ எமரித் தாளோ படவே கூடாது என்று பழைய சர்வீஸ் புத்தகங்கள் தெளிவாக எச்சரிக்கின்றன. என் பெட்டியில் யாரோ எந்தக் காலத்திலோ எமரியை இழுத்திருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முனையின் முகத்தில் ஒரே திசையில் கீறல்கள், அவற்றின் பள்ளங்களில் கரும்படிவம். நம் ஊரின் ஈரப்பதத்துக்கு அந்தப் பள்ளங்களே போதும், உள்ளே குடியேறிவிடும்.

பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையால் முனையை மூடும் கணமே தீப்பொறி பறக்கும். பிறகு கண்ணாடித் தூள் ஒட்டிய மிக நுண்ணிய தேய்ப்புத் தாளில் ஒரு நாடா வெட்டி, முனைகளுக்கு நடுவே செருகி, விரலால் மெதுவாக அழுத்தி மூடிக்கொண்டு, ஓரிரு முறை இழுக்க வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டு எதிர்முனைக்கும் அவ்வாறே. இறுதியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைப்பு. தாளில் கறுப்புக் கோடு விழுந்தது. மறுநாள் இரவு, விளக்குகள், வைப்பர் எல்லாம் போட்ட நிலையில், வேகமானிக்குள் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து மகிழ்ந்ததுபோல் நான் எந்த ஒளியையும் பார்த்து மகிழ்ந்ததில்லை.

பெட்டி திறந்திருக்கும்போதே ரெகுலேட்டரையும் சரிபார்த்துவிடுவது நல்லது. 'ஏ', 'ஏ1' கம்பிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, 'டி'க்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடலுக்கும்) இடையே அளக்க வேண்டும். 20 டிகிரியில் 16.0 முதல் 16.6 வோல்ட், 30 டிகிரியில் 15.9 முதல் 16.5 வோல்ட். சிங்கப்பூரில் இரண்டாவது கணக்கே பொருந்தும். வண்டி சற்றுமுன் ஓடி நின்றிருந்தால் பானெட்டுக்குள் வெப்பம் அதற்கும் மேலே இருக்கும். 30 விநாடிக்குள் அளந்து முடித்துவிட வேண்டும், சுருள் சூடேறினால் அளவு பொய் சொல்லும். இதற்கு எண் காட்டும் மீட்டரைவிட முள் மீட்டரே மேல். அதிரும் தொடுமுனைகளின் வோல்ட்டை எண்களில் பார்த்தால் கண்தான் கெடும். என்னுடையது சிம் லிம் டவரில் வாங்கியது, விலை மலிவு, இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் கார் வைத்திருப்போரிடையே லூகாஸைப் பற்றி 'இருளின் இளவரசர்' என்று ஒரு பழைய கேலி உண்டு. இந்தப் பழுதில் அந்தக் கேலி எடுபடாது. பாதி நூற்றாண்டைத் தாண்டிய ஒரு பெட்டி, தன்னிடம் என்ன குறை என்பதையும், அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் தானே காட்டிக்கொடுத்து, ஒரு காகித நாடாவால் குணமானது. இன்றைய கார்களில் எந்தப் பெட்டி அப்படி நடந்துகொள்ளும்?

அப்படியென்றால் டைனமோவே சிறந்ததா என்று கேட்டால், இங்கே, இந்த ஊரில், இல்லை. பாரம்பரிய வாகனத் திட்டத்தின்கீழ் பதிவான வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மீதி நாள்களில் அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் தூங்குகிறது. தரைவீட்டுக்காரர் சுவரில் பிளக்கைச் செருகி, பேட்டரிக்குச் சிறு சார்ஜரை மாட்டி வைத்துவிடுவார். எனக்கு நான்காம் மாடித் தூணில் எந்தப் பிளக்கும் இல்லை. வெப்பத்தில் தானாக இறங்கிய பேட்டரியைச் சாலையில் இறங்கும் சொற்ப நாள்களில் டைனமோவே நிரப்பியாக வேண்டும். அதன் உச்ச அளவு 22 ஆம்பியர். முகப்பு விளக்குகள், பின்விளக்குகள், இக்னிஷன், வைப்பர், போதாக்குறைக்கு மிதித்தபடியே இருக்கும் பிரேக் விளக்குகள் என்று கூட்டினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதுவும் வேகத்தில் மட்டும். தீவு விரைவுச்சாலையில் மாலை மழையில் நெரிசல் நின்றுவிட்டால், ஐட்லில் டைனமோ ஏறக்குறைய எதுவும் தராது; மொத்தச் சுமையும் பேட்டரியின் தலையில். அப்போது சிவப்பு விளக்கு முழுதாக எரியும். அது பழுது அல்ல, இயல்பு என்று தெரிந்திருந்தும், முன்னால் நிற்கும் லாரியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் ஆம்பியர்க் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது இன்பமான பொழுதுபோக்கு அல்ல.

ஆகவே நண்பருக்கு என் பதில்: மாட்டிவிடுங்கள். டைனமோவின் உருவத்திலேயே, பழைய பிராக்கெட்டில் உட்காரும் ஆல்டர்னேட்டர் கிடைக்கிறது. பானெட்டைத் திறப்பவர்கள் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆகும். வாங்குவதற்குமுன் உங்கள் வண்டி நேர்மின் எர்த்தா, எதிர்மின் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மைனர்கள் தொழிற்சாலையில் இருந்து பெரும்பாலும் நேர்மின் எர்த்தாகவே வந்தன, அதற்கேற்ற ஆல்டர்னேட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். எதிர்மின்னுக்கு மாற்றுவதானால் இக்னிஷன் காயிலின் கம்பிகளை இடம் மாற்றவும், எஸ்யூ நிறுவனத்தின் பெட்ரோல் பம்ப்புக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம். டைனமோவின் 22 ஆம்பியருக்கு அளந்து போடப்பட்ட பழைய முதன்மைக் கம்பியையும் தடித்ததாக மாற்றுங்கள்.

என் வண்டியில் டைனமோவே இருக்கும். கழற்றும் உங்கள் சி40ஐத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆர்மேச்சர் நன்றாக இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன், கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து.