ஹிடிங்கும் வான் காலும்

நெதர்லாந்து தந்த கால்பந்துப் பயிற்சியாளர்களில் குஸ் ஹிடிங்க், லூயி வான் கால் இருவரும் ஐரோப்பிய கிளப்புகளுக்கான உச்சக் கோப்பையை வென்றவர்கள். ஹிடிங்க் 1988இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி அணியுடன் போர்ச்சுகலின் பென்ஃபிகாவைப் பெனால்டியில் வீழ்த்தினார். வான் கால் 1995இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணி இளைஞர்களைக் கொண்டு இத்தாலியின் மிலானை 1-0 என்று வென்றார்.

கிளப் அளவில் வான் காலின் கையே ஓங்கியிருக்கிறது. பார்சிலோனா, பயர்ன் மியூனிக் ஆகிய பெரிய கிளப்புகளோடு, 2009இல் அல்க்மார் நகரின் ஏஇசட் அணியையும் அவர் லீக் பட்டம் வெல்ல வைத்தார். ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே வகுக்க விரும்பிய அவருக்கு, வீரர்கள் நாள்தோறும் கைவசமிருக்கும் கிளப் சூழலே பொருந்தியது.

தேசிய அணிகளில் நிலைமை வேறு. அதுவரை உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட வென்றிராத தென் கொரியா, 2001இல் பிரான்ஸிடமும் செக் குடியரசிடமும் 0-5 என்று தோற்றபோதும், அதன் பயிற்சியாளரான ஹிடிங்க் உடல்திறன் பயிற்சியைத் தளர்த்தவில்லை. மூத்த வீரர்களிடம் இளையோர் பேசத் தயங்கும் வழக்கம் களத்தில் பேச்சைத் தடுப்பதையும் அனுமதிக்கவில்லை. 2002 உலகக் கோப்பையில் அந்த அணி அரையிறுதியை எட்டியது. இத்தாலி, ஸ்பெயின் ஆட்டங்களில் நடுவர் தீர்ப்புகள் சர்ச்சைக்குள்ளானது உண்மையே; ஆயினும் போலந்தையும் போர்ச்சுகலையும் வென்ற வேகத்தை அதனால் மறுக்க முடியாது. அதே உலகக் கோப்பைக்கு வான் காலின் நெதர்லாந்து தகுதியே பெறவில்லை. 2014இல் மூன்றாமிடம் பெற்று அவர் அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்தார்.

எளிய அணியொன்றைக் குறுகிய காலத்தில் உயர்த்த வேண்டுமெனில், நான் தயங்காமல் ஹிடிங்கையே தேர்ந்தெடுப்பேன்.